காலுக்குக் கால்

பள்ளிக்கூடத்துக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்து மெலித்தோன் யூக்ரா தன் வீட்டுச் சுவரில் சாய்த்துவைத்த நாளிலிருந்து வைல்லாபம்பா மலையூரில் உறைபனி இறங்கவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று யாரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பார். ஊர் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் அவரைப் போட்டுக் குடைந்தது.

ஜூன் பாதி கழிந்துவிட்டது. அந்த மலையில் உறைபனிக்கு அதுதான் காலம். மற்ற வருஷங்களில் இந்நேரம் விடிகாலையில் ஓடைத் தண்ணீர் சில்லுச் சில்லாக உடையும். கம்பளிக்கு வளர்க்கும் அல்பாகாக்களின் முதுகில் வெள்ளை பூத்திருக்கும். ஊருக்கு மேலே இருக்கும் பனித்திடலில் ஒவ்வொரு வீட்டு உருளைக்கிழங்கும் தனித்தனியாக விரித்துக் கிடந்து, ராத்திரி கல்லாக உறைந்து, பகலில் இளகி, மறுபடி உறைந்து, மிதிபடத் தயாராகிவிடும். மிதித்து நீரைப் பிழிந்து காயவைத்துவிட்டால் பனிக்கிழங்கு. அது வீட்டில் இருந்தால் மழை பொய்க்கட்டும், ஆலங்கட்டி விழட்டும், அடுப்பு அணையாது. இந்த வருஷமோ பொழுது சாய்ந்தால் கிழக்கே காட்டுப்பக்கமிருந்து மேகம் ஏறி வந்து திடலுக்குக் கம்பளி போர்த்திவிட்டுப் போனது. விரித்த கிழங்கு உறையவும் இல்லாமல், பச்சையாகவும் இல்லாமல், விரலால் அமுக்கினால் தொளதொளத்தது. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் அழுகல் நாற்றம் வந்துவிடும்.

மெலித்தோன் சாயங்காலம் திடலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார். வீட்டுக்கு வருவார். கம்பளியை உதறுவார். மறுபடி வாசலுக்குப் போவார். போன அறுவடையில் பிடித்துக்கொண்ட இடுப்பு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று இழுக்கும். அது வெளியே தெரியாதபடி முதுகை இன்னும் விறைப்பாக வைத்துக்கொள்வார்.

"என்ன சொல்லுது வானம்?" என்று கேட்டாள் அவர் மனைவி பெனித்தா.

"என்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"உங்ககிட்ட இப்ப யாருதான் பேசுறாங்க, அது மட்டும் பேச?"

அவர் திரும்பியபோதுதான் பார்த்தார். சுவரில் சாய்ந்திருந்த கதவு இப்போது இரண்டு பாறைகளின் மேல் படுத்திருந்தது. அதன்மேல் பாலாடைக்கட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பலகையில் மரமுடிச்சு விழுந்துபோன ஓட்டை வழியாக மோர்த்தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏ பெனித்தா! அது எங்கப்பா முதுகுல சுமந்த கதவு."

"அதான் பாருங்க, நல்லாக் கனமா ஆடாம நிக்குது. சுவத்துல சும்மா சாஞ்சு கெடந்தா நாய் வந்து காலைத் தூக்குது. உங்கப்பா மரியாதையக் காப்பாத்தத்தான் கட்டிய வெச்சிருக்கேன்."

"எடு அதை."

"எங்க வைக்கிறது? பள்ளிக்கூடத்து வாசல்ல வைக்கட்டுமா? அங்கதான் எடம் காலியா இருக்கு."

அவர் உள்ளே போனார். பெனித்தாவோடு வாயைக் கொடுத்து அவர் ஜெயித்ததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை.

அந்தக் கதவின் கதை ஊருக்கே தெரியும். பண்ணையார் காலத்தில் அது பண்ணைத் தானியக் கொட்டடியின் கதவு. மெலித்தோனின் அப்பா அன்செல்மோ யூக்ரா எழுத்துப் படிக்க ஆசைப்பட்டார் என்பதற்காக அவரைச் சாட்டையால் அடித்து அந்தக் கொட்டடியில் போட்டுப் பூட்டினார்கள். முற்றத்தில் பண்ணையாரின் பிள்ளைகளுக்கு வாத்தியார் ஸ்பானிஷ் பாடம் நடத்துவார். உள்ளே அன்செல்மோ கதவின் முடிச்சு ஓட்டையில் காதை வைத்துக் கேட்பார், கண்ணை வைத்துப் பார்ப்பார். அவருக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் அந்த ஓட்டை வழியாக வந்ததுதான். நிலம் உழுதவனுக்கென்று ஆகி, பண்ணையார் குடும்பம் மூட்டை கட்டிப் போனபோது, ஊரார் ஆளுக்கொன்றாக ஆட்டையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். அன்செல்மோ கதவை மட்டும் கழற்றி முதுகில் கட்டிக்கொண்டு மலையேறி வந்தார். அந்தக் கதவுக்குப் பின்னால்தான் ஊர் சுவர் எழுப்பிப் பள்ளிக்கூடம் கட்டியது.

அப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த நெலிதா டீச்சர் காலையில் ஸ்பானிஷும் மத்தியானத்துக்கு மேல் ஊர்ப் பேச்சான கெச்சுவாவும் என்று ஆரம்பித்தாள். அவளும் கணவாய்க்கு அந்தப் பக்கத்து கெச்சுவாக்காரிதான். மற்ற டீச்சர்களைப்போலக் கால்சட்டை போடாமல் ஊர்ப் பெண்களைப்போல அடுக்குப் பாவாடையும் தொப்பியுமாகவே வகுப்புக்கு வந்தாள். விதைக்கிற காலத்தில் பிள்ளைகளை வயலுக்குக் கூட்டிப்போனாள். ஆலங்கட்டியை விரட்டும் வயற்காவல்காரரை வகுப்புக்கு வரவழைத்து உட்காரவைத்தாள். ஊர்ப்பொதுவில் பாதிப்பேருக்குச் சந்தோஷம், பாதிப்பேருக்குச் சந்தேகம். மெலித்தோன் முதலில் எதுவும் பேசவில்லை.

ஒருநாள் அவருடைய கடைக்குட்டி சபீனா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கையில் ஒரு பிடி வறுத்த சோளத்தை வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றாள். தொப்பியைக் கழற்றினாள். "ஐயா, உங்க கால் ஒரு நாள் எனக்கு வேணும். என் கால் ஒரு நாள் உங்களுக்கு," என்றாள்.

ஐனி கேட்கும் முறை அது. வயலுக்கோ கூரைக்கோ ஆள் வேண்டுமென்றால் ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டு வாசலில் போய் நின்று வறுத்த சோளத்தை நீட்டி இப்படித்தான் கேட்பார்; வாங்கித் தின்றால் சம்மதம். உழைப்புக்கு உழைப்பு. ஆணின் நாளுக்கு ஆணின் நாள், பெண்ணின் நாளுக்குப் பெண்ணின் நாள், பிள்ளையின் நாளுக்குப் பிள்ளையின் நாள். காசு கொடுத்துக் கழிப்பது கேட்டவரையும் வந்தவரையும் சேர்த்து அவமதிப்பது.

மெலித்தோனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "இதைக் கத்துக்கவா பள்ளிக்கூடம்? இது என் வீட்டு அடுப்படியிலயே கெடைக்குமே!"

"என் அடுப்படியில நீங்க உக்காந்து ஒண்ணும் சொல்லிக்குடுத்ததா எனக்கு ஞாபகம் இல்ல," என்றாள் பெனித்தா, அடுப்பை ஊதிக்கொண்டே.

அதற்குப் பிறகுதான் ஊர்க்கூட்டம். அங்கே எழுந்து நின்று மெலித்தோன் சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்லிக்காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். "எங்கப்பா அந்தக் கதவுக்குப் பின்னால அடைபட்டுக் கெடந்தது கெழங்கு மிதிக்கக் கத்துக்கவா? கெழங்கு நமக்குத் தெரியும். நம்ம பேச்சு நமக்குத் தெரியும். ஸ்பானிஷ் தெரியாததுனாலதான் கோர்ட்டு கச்சேரியில, ஆஸ்பத்திரியில, சந்தையில தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறோம். என் பொண்ணு அப்படி நிக்க மாட்டா. டவுன்ல என் மகன் ருபேன் வீட்டுல இருந்து படிப்பா."

ஊர்த் தலைவரின் கோல் அந்த வருஷம் ஹிலாரியோவின் கையில் இருந்தது. பெனித்தாவின் தம்பி. "மச்சான், சபீனாவும் போயிட்டா பிள்ளைங்க எண்ணிக்கை கொறஞ்சிரும். பள்ளிக்கூடத்தை மூடிருவோம்னு மேலிடத்துல ஏற்கெனவே சொல்லிட்டாங்க. அப்புறம் மத்த பிள்ளைங்க கணவாயத் தாண்டி நடக்கணும். பனியில, மழையில."

"அப்ப பள்ளிக்கூடத்தைப் பள்ளிக்கூடமா நடத்தச் சொல்லு."

நெலிதா டீச்சர் எழுந்தாள். "ஐயா, ஸ்பானிஷ் நான் கொறைக்கல. தெரிஞ்ச பேச்சுல காலை ஊனிக்கிட்டாத்தான் தெரியாத பேச்சுக்கு எட்டி வைக்க முடியும்."

"டீச்சரம்மா, என் மகன் ருபேன் நல்லாத்தான் ஊனியிருந்தான். டவுன்ல அவன் வாயத் தெறந்ததும் சிரிச்சாங்க. ரெண்டு வருஷம் அவன் ஊமையா இருந்து வேலை பாத்தான். உங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும் ஐயா," என்றாள் அவள். "என்னப் பாத்தும் சிரிச்சாங்க."

அதற்கு என்ன சொல்வதென்று தெரியாமல்தான் அவர் நேராகப் போய்க் கதவைக் கழற்றினார் என்று பெனித்தா பின்னாளில் சொல்வாள். அவரிடம் கேட்டிருந்தால், எங்கள் கதவு, எங்கள் வீட்டுக்கு வந்தது என்றிருப்பார்.

யூக்ரா வீட்டுக்காரர் ஊரோடு முறித்துக்கொண்டாலும் முறையாகத்தான் முறிப்பார். அடுத்த நாட்களில் அவர் ஒவ்வொரு வீடாகப் போனார். எந்த வீட்டுக்கு உழைப்புப் பாக்கியோ அந்த வீட்டு வேலையைக் கேட்டு வாங்கிச் செய்தார். இடுப்பு வலியோடு ஒரு வீட்டுக்குச் சுவர் வைத்தார், ஒரு வீட்டுக்குச் சாணம் சுமந்தார். தனக்கு வரவேண்டியதை, "வேண்டாம், விட்டுட்டேன்," என்றார். கடைசியில் கூட்டம் கூடும் இடத்தில் நின்று, "என் வீட்டுக்கு யாரும் பாக்கி இல்ல, யாருக்கும் என் வீடு பாக்கி இல்ல," என்று சொல்லிவிட்டு வந்தார். அதைக் கேட்ட கிழவர்கள் அசௌகரியமாக நெளிந்தார்கள். பாக்கி இல்லாத வீடென்று ஒன்றை அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை. செத்தவர்கள்தான் அப்படிப் போவார்கள்.

சபீனாவைச் சனிக்கிழமை லாரியில் அனுப்புவதென்று முடிவாகியிருந்தது. அந்த வாரத்தின் நடுவில் ஹிலாரியோ, பேச்சுக்கு முன்னால் வெற்றிலைபோல மாற்றிக்கொண்டு மெல்லும் கோக்கா இலைப் பையோடு வந்தார். மூன்று நல்ல இலைகளைப் பொறுக்கி, விசிறிபோல அடுக்கி, இரண்டு கையாலும் நீட்டினார்.

மெலித்தோன் வாங்கவில்லை. "பல் வலி," என்றார்.

 ஹிலாரியோ அந்த இலைகளை மலைச்சாமி இருக்கும் திக்கில் ஊதிவிட்டுத் தானே வாயில் போட்டுக்கொண்டார். "சரி. பல்லோடயே பேசுறேன். மச்சான், கதவையாவது குடுங்க. வாசல்ல கம்பளியத் தொங்க விட்டிருக்கோம். காத்து தூக்கித் தூக்கி அடிக்குது. பிள்ளைங்களுக்கு மூக்கு ஒழுகுது."

"கம்பளிக்குப் பின்னால ஆலங்கட்டிப் பாடம் நடக்கட்டும்."

"வீம்புக்குச் சொல்றீங்க."

"வீம்புன்னா வீம்பு. எங்கப்பன் அடி வாங்கினது வீம்புக்குத்தான்."

"அடி வாங்குனது உங்கப்பா மட்டுமா? என் தாத்தாவும்தான் வாங்குனாரு. அவரு கெச்சுவாவுல கத்துனாருன்னு ரெண்டு அடி கூட. நாங்க அதுக்காக வாசக்கால கழட்டிட்டு வந்தமா?" ஹிலாரியோ எழுந்தார். "அக்கா, மாத்துத் தொப்பி ஒண்ணு வாங்கி வைக்கணும் இந்த மனுசனுக்கு. இருக்கிறது சிறுத்துப்போச்சு."

பெனித்தா சிரிப்பை முந்தானைக் கம்பளியில் மறைத்தாள்.

அன்று சாயங்காலம் திடலில் சபீனா அப்பாவோடு கிழங்கைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மேகம் வழக்கம்போல் ஏறிக்கொண்டிருந்தது.

"அப்பா, டவுன்ல ருபேன் அண்ணன் மகன் என்கூட விளையாடுவானா?"

"விளையாடுவான். ஏன் விளையாடாம?"

"போன திருவிழாவுக்கு வந்தப்ப நான் கேட்டது ஒண்ணுக்கும் பதில் சொல்லல. அவன் பேசினது எனக்குப் புரிஞ்சுது. நான் பேசினது அவனுக்குப் புரியல. அம்மா அவனைக் கொஞ்சினா, அவன் என்னப் பாத்து இந்தம்மா என்ன சொல்லுதுன்னு கேட்டான்."

மெலித்தோன் ஒரு கிழங்கை எடுத்து அமுக்கிப் பார்த்தார். அந்தத் திருவிழாவில் பேரன் ஸ்பானிஷில் பொரிந்து தள்ளியபோது தான் மார் நிமிர்த்தி ஊரைப் பார்த்தது அவருக்கு ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளை பெனித்தாவின் மடியில் உட்கார்ந்துகொண்டு அவளைத் தெரியாதவளைப்போலப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. இரண்டாவதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"நீ அவனுக்குச் சொல்லிக்குடு," என்றார்.

"நான்தான் அங்க அவன் பேச்சப் படிக்கப் போறேனே," என்றாள் அவள்.

அந்த ராத்திரி பனி இறங்கியது.

விடிவதற்கு முன்பே மெலித்தோன் மூக்கில் அதை உணர்ந்துவிட்டார். திடலுக்குப் போய் ஒரு கிழங்கை எடுத்து இன்னொன்றின்மேல் தட்டினார். கூழாங்கல் சத்தம். ஊரே திடலில் நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர் பக்கம் பார்த்தவர்கள் தொப்பியைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். அடுத்த ராத்திரியும் அடித்தது. வெள்ளி ராத்திரி அதைவிடப் பலமாக அடித்தது. சனிக்கிழமை வெளிச்சம் வந்தபோதோ மேற்கு முழுக்க வெளுத்து, மலைச்சாமியின் தலை தெரியாமல் போயிருந்தது. பனிமழை வருகிறது. உறைந்து இளகும் கிழங்கின்மேல் அது விழுந்தால் எல்லாம் கறுத்துச் சளியாகிவிடும். வெயில் ஏறி இளகியதும் மிதித்துப் பிழிந்து புல்லைப் போட்டு மூடியாக வேண்டும். இன்றைக்கே. எல்லா வீடும். ஒரே நேரத்தில்.

ஒவ்வொரு வீட்டுக் கிழங்கின்மேலும் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, ஐனி ஆட்கள் என்று கூட்டம் சேர்ந்தது. யூக்ரா வீட்டுக் கிழங்கு அந்த வருஷம் திடலிலேயே பெரிய விரிப்பு. பெனித்தாவும் மெலித்தோனும் மட்டும் நின்றார்கள். அவர் செருப்பைக் கழற்றி மிதிக்க ஏறினார். இரண்டு தடவை குதிகாலைத் திருகியதும் இடுப்பு பிடித்துக்கொண்டது. நின்றார். மறுபடி திருகினார். மறுபடி நின்றார்.

"சபீனா எங்கே? துணி மூட்டை கட்டுறாளா?"

"விடியுறப்பவே எந்திரிச்சுச் சோளம் வறுத்தா. மடியில கட்டிக்கிட்டு எங்கயோ போனா," என்றாள் பெனித்தா, தலை நிமிராமல் மிதித்துக்கொண்டே.

"எங்கயோன்னா?"

"நான் என்ன அவளுக்குக் காவலா? இன்னைக்கு டவுனுக்குப் போற பொண்ணு, சோளம் கொறிச்சுக்கிட்டே ஊரச் சுத்திப் பாக்கட்டும்."

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும். சபீனா முன்னால். கடைசியில் ஒரு சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு நெலிதா டீச்சர்.  செருப்புகளை ஓரமாக வரிசையாக விட்டார்கள். டயரில் வெட்டிய குட்டிக் குட்டிச் செருப்புகள். பாவாடையைச் செருகிக்கொண்டு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, கிழங்கின்மேல் ஏறினார்கள்.

மெலித்தோன் டீச்சரிடம் போனார். "டீச்சரம்மா, இதுவும் உங்க பாடமா?"

"இன்னைக்குச் சனிக்கிழமை ஐயா. பள்ளிக்கூடம் லீவு. சபீனா வீடு வீடாப் போய்க் கேட்டிருக்கா. பிள்ளைங்க அவங்கவங்க வீட்டுல சொல்லிட்டு வந்திருக்காங்க. என்னையும் கேட்டா. நானும் சோளம் வாங்கித் தின்னுட்டேன்." சின்னதை இறக்கிவிட்டு அவளும் செருப்பைக் கழற்றினாள்.

வேண்டாம் என்று அனுப்பிவிட வாய்வரை வந்தது. மேற்கே பார்த்தார். வெளுப்பு இன்னும் கீழே இறங்கியிருந்தது. அவர் ஓரமாக விலகி இடம் விட்டார்.

பனிக்கிழங்கு மிதிப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் கூத்து மாதிரி இருக்கும். குதிகாலை ஊன்றித் திருகவேண்டும். தோல் வழுக்கிப் பிரியும், நீர் பீய்ச்சி விரலிடுக்கில் ஓடும். உள்ளங்கால் முதலில் எரியும், பிறகு மரத்துப்போகும், அதற்குப் பிறகு அது யாருடைய கால் என்றே தெரியாது. பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக மிதித்தார்கள்.

"ஏ, நீ கெழங்க மிதிக்கிறியா, என் கால மிதிக்கிறியா?"

"ரெண்டும் ஒரே மாதிரித்தானே இருக்கு. கறுப்பா, அழுக்கா."

"டீச்சர் மிதிக்கிறதப் பாருங்கடி, கோழி கெளறுற மாதிரி!"

"எங்க ஊருல இப்படித்தான் மிதிப்போம்," என்றாள் டீச்சர் மூச்சு வாங்க.

"அதான் உங்க ஊர்க் கெழங்கு சந்தையில விக்கவே மாட்டேங்குது," என்றாள் தமியானா. ஹிலாரியோவின் மகள். வாயில் அத்தை பெனித்தாவேதான்.

பக்கத்து விரிப்பில் மிதித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மெலித்தோனுக்கு முதுகில் பட்டது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. யாருக்கும் பாக்கி இல்லாத வீட்டுக் கிழங்கைப் பிள்ளைகள் மிதிக்கிறார்கள். அவர் பெனித்தாவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சாப்பாட்ட நடுவுல வெச்சிரு. துணிய விரிச்சுக் கொட்டிரு. அவங்களா எடுத்துக்கட்டும். சபீனா பயணத்துக்கு வாங்கின ரொட்டி மூட்டை இருக்குல்ல, ஆளுக்கு ரெண்டு குடுத்து அனுப்பிருவோம்."

பெனித்தா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கூலிக்கு வந்தவர்களுக்குத்தான் அந்தப் பக்கத்தில் சாப்பாட்டை நடுவில் வைப்பார்கள். ஐனிக்கு வந்தவர்களுக்கு வீட்டுத் தலைவர் தன் கையால் கொடுக்கவேண்டும். அவர் கையால் வாங்கிய சாப்பாடு உள்ளே போனால் அந்த நாள் அவர் வீட்டுக் கணக்கில் ஏறிவிடும்.

"சரி," என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் சரி என்றது அவருக்கு உறைத்திருக்கவேண்டும்.

மண்கட்டிகளை அடுக்கிச் சுட வைத்து, கிழங்கை உள்ளே போட்டு இடித்து மூடிய அடுப்பிலிருந்து ஆவி வந்தது. பெனித்தா துணியை விரித்துச் சுட்ட கிழங்கைக் கொட்டினாள். பக்கத்தில் பாலாடைக்கட்டியும் அரைத்த மிளகாயும் வைத்தாள். பிள்ளைகள் மரத்த காலோடு நொண்டிக்கொண்டு வந்து சுற்றி நின்றார்கள். யாரும் கை நீட்டவில்லை. சாப்பாடு நடுவில் இருப்பதைப் பார்த்தார்கள். பிறகு மெலித்தோனைப் பார்த்தார்கள். பக்கத்து விரிப்புகளிலும் மிதிப்பது நின்றிருந்தது.

டீச்சரின் இடுப்பில் வந்த சின்னது மட்டும் அவர் முன்னால் வந்து நின்று, வெறும் உள்ளங்கையை நீட்டியது. கை குளிரில் சிவந்து வெடித்திருந்தது. 

அவர் யோசிக்கவில்லை. யூக்ரா வீட்டு விரிப்பில் ஒரு பிள்ளை பசித்த கையோடு நிற்பதை அவருடைய உடம்பு பொறுக்கவில்லை. குனிந்தார். குவியலில் நல்ல கிழங்காக, மாவாக வெடித்ததாக ஒன்றைப் பொறுக்கி, சாம்பலை ஊதி, தோலை உரித்து, கட்டியில் பெரிய துண்டாகப் பிய்த்து மேலே வைத்து அந்தக் கையில் கொடுத்தார். "ஊதித் தின்னு. சுடும்," என்றார். அடுத்த கை நீண்டது. அதற்கும் கொடுத்தார். அடுத்ததற்கும். கொடுக்கும்போது யாருக்குச் சின்னதாகப் போய்விட்டது என்று பார்த்துத் திரும்பக் கூப்பிட்டு இன்னொன்று வைத்தார். டீச்சரின் கையிலும் வைத்தார். எல்லாரும் தின்னத் தொடங்கிய பிறகுதான் தன் கையைப் பார்த்தார். விரலெல்லாம் சாம்பல்.

பெனித்தா மிளகாயை வழித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

பொழுது திரும்புவதற்குள் விரிப்பு முழுவதும் மிதிபட்டு, பிழிபட்டு, புல்லின் அடியில் போய்விட்டது. மெலித்தோன் ரொட்டி மூட்டையைக் கொண்டுவந்து அவிழ்த்தார். டவுன் ரொட்டி. வட்டமாக, மேலே எள் தூவியது. பிள்ளைகளின் கண் அதிலேயே இருந்தது.

"இந்தாங்க. நல்லா வேலை செஞ்சீங்க. ஆளுக்கு ரெண்டு."

ஒருத்தரும் அசையவில்லை. தமியானா எச்சிலை விழுங்கினாள். "வேணாம் மாமா. நீங்கதான் கையால குடுத்துட்டீங்களே."

"அது சாப்பாடு. பிள்ளைங்க பசியோட நின்னீங்க, குடுத்தேன்."

"உங்க கையாலதானே மாமா குடுத்தீங்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்பக் காலுக்குக் கால். எங்க வீட்டுக்கு விதைப்புல வேணும். ரொட்டிய எங்கப்பாகிட்டக் கொண்டுபோய்க் குடுத்தா என்ன செருப்பால அடிப்பாரு."

"எங்களுக்கு ஆடு குட்டி போடுறப்ப," என்றது இன்னொரு குரல். "எங்களுக்குக் களையெடுக்க." "எங்களுக்கு அடுத்த வருஷம் மிதிக்கிறப்ப." ஆளாளுக்குச் சொன்னார்கள். வருஷத்தின் எந்த மாதமும் மிச்சமில்லை. பிள்ளையின் நாளுக்குப் பிள்ளையின் நாள். யூக்ரா வீட்டில் இருப்பது ஒரே பிள்ளை.

மெலித்தோன் சபீனாவிடம் திரும்பினார். அவள் கால் முட்டிவரை சேறும் தோலுமாக நின்றாள்.

"யாரைக் கேட்டு என் வீட்டு வாக்கை ஊர் முழுக்கக் குடுத்த?"

 அவள் முதுகு அவரைப்போலவே விறைத்திருந்தது. "உங்க வாக்க நான் குடுக்கலப்பா. என் கால்னுதான் கேட்டேன். என் வாக்கு."

"நீ இன்னைக்கு லாரியில போற பொண்ணு."

"நீங்க போகச் சொன்னா போறேன். ஆனா திருப்பாமப் போனா, யூக்ரா பொண்ணு பாக்கி வெச்சுட்டு ஓடிட்டான்னு இவங்க சொல்லுவாங்க."

"சொல்லுவோம்," என்றாள் தமியானா உடனே.

 ஹிலாரியோ தன் விரிப்பின் நடுவில் நின்றபடி கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே வளைவில் லாரியின் ஹாரன் கேட்டது. ஒரு தடவை. பிறகு நீளமாக இன்னொரு தடவை.

மெலித்தோன் ரொட்டி மூட்டையை மறுபடி முடிச்சுப் போட்டார். அதைப் பெனித்தாவின் கையில் கொடுத்தார். வீட்டுப் பக்கம் இறங்கிப்போனார். முதல் பனிப்பஞ்சு ஒன்று அவர் தொப்பியில் விழுந்தது.

லாரிக்காரன் எஞ்சினை அணைக்காமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். யூக்ரா வீட்டிலிருந்து ஒரு கதவு மட்டும் தனியாக நடந்து வருவது போலிருந்தது அவனுக்கு. கிட்டே வந்த பிறகுதான் அடியில் கால்கள் தெரிந்தன. கயிற்றை மார்பில் குறுக்காகப் போட்டு, இரண்டாக மடிந்து, மெலித்தோன் அதைச் சுமந்து வந்துகொண்டிருந்தார். காற்று பலகையில் மோதி அவரைப் பக்கவாட்டில் தள்ளியது. ஹிலாரியோ ஓடிவந்து பின்பக்கத்தைப் பிடிக்கப் போனார்.

"விடு," என்றார் மெலித்தோன்.

"மச்சான், இடுப்பு."

"எங்கப்பாவுக்கு யாரும் பிடிக்கல."

ஹிலாரியோ கையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார்.

"மெலித்தோன் அண்ணே!" லாரிக்காரன் கத்தினான். "பொண்ணு எங்கே? பனி பிடிக்குமுன்ன எறங்கணும்!"

"நீ போ," என்றார் அவர் நிற்காமல். "அவளுக்கு வேலை இருக்கு. வருஷம் பூரா."

பள்ளிக்கூடத்து வாசலில் கம்பளி அடித்துக்கொண்டிருந்தது. நெலிதா டீச்சர் திடலிலிருந்து ஓடிவந்து அதைக் கழற்றினாள். பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்தபடி தூரமாக நின்றார்கள். மெலித்தோன் கதவை இறக்கி நிறுத்தி, தோல் கீல்களை ஒவ்வொன்றாக முளையில் மாட்டினார். யாரையும் தொடவிடவில்லை. ஆட்டிப் பார்த்தார். பலகையில் பாலாடைக்கட்டி வைத்த வட்டங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. மோர் வாடை அடித்தது.

"நான் மனசு மாறல டீச்சரம்மா," என்றார், மூச்சு இன்னும் நிலைக்காமல். "அது வேற. இது வேற."

"சரிங்க ஐயா."

"ஸ்பானிஷ் பாடம் காலையிலதானே?"

"காலையில."

"கொறையுதா, கொறையலையான்னு நான் கேக்கணும். திங்கக்கிழமை வந்து வாசல்ல உக்காருவேன். சத்தமா நடத்துங்க."

"உள்ள வந்து உக்காருங்க ஐயா. பனியில கதவச் சாத்திருவோம். வெளிய ஒண்ணும் கேக்காது."

மெலித்தோன் கதவைச் சாத்தினார். டீச்சர் உள்ளே, அவர் வெளியே. குனிய முடியாத இடுப்பைக் குனிந்து, முடிச்சு ஓட்டையில் ஒட்டியிருந்த கட்டித் துணுக்கைச் சுண்டுவிரலால் தோண்டி எடுத்துவிட்டுக் காதை வைத்தார்.

"பேசுங்க, பாப்போம்," என்றார்.